மேஜர் சரியா என்று தெரியவில்லையா? கையால் செய்து பாருங்கள்

கல்லூரி திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். இயற்பியல் கேட்டு வேதியியல் கிடைத்தவர், அக்கா படித்த துறை என்பதால் கணிதத்தில் சேர்ந்தவர், நீட் கைகொடுக்காமல் விலங்கியலில் வந்து உட்கார்ந்தவர், கட்-ஆஃப் எதற்கு வந்ததோ அதில் சேர்ந்தவர் என்று பி.எஸ்சி. முதலாண்டில் எல்லாரும் கலந்து இருப்பார்கள். "இதுதான் நமக்கா?" என்ற கேள்வி இவர்களில் பலருக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியாது. வீட்டில் கேட்டால் "சேர்ந்தாச்சுல்ல, ஒழுங்கா படி" என்பார்கள்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு பி.எஸ். படிப்பில் முதல் மூன்று செமஸ்டர் எல்லாருக்கும் பொதுப் பாடங்கள்; மேஜர் எனும் முதன்மைப் பாடம் அதன் பிறகுதான். ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பிலும் தொடக்கத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் எல்லாரும் படித்துவிட்டுத்தான் பிரிவார்கள். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் அந்த வசதி இல்லை. சேர்க்கை நாளிலேயே மேஜர் முடிவாகிவிடுகிறது. தேடிப் பார்க்கும் வேலையை மாணவரே, கிடைக்கிற இடைவெளிகளில் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளிகள் எங்கே இருக்கின்றன, அதற்குள் எதைச் செய்து பார்ப்பது என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. ஒரு துறையின் பெயரையும் அதைப் பற்றிய வீடியோக்களையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தத் துறையில் இருப்பவர் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம் என்ன வேலை செய்கிறாரோ, அதை ஒரு முறையாவது உங்கள் கையால் செய்து பாருங்கள். இரண்டு மணி நேரம் போதும். அந்த இரண்டு மணி நேரம் சொல்வதைப் பிளஸ் டூ மார்க் ஷீட் சொல்லாது.

மாற வேண்டுமென்றால் முதல் சில வாரம்தான்

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறோம். மேஜர் மாறுவது முடியாத காரியம் இல்லை. சேர்க்கை முடியும்வரை, அதாவது வகுப்பு தொடங்கி முதல் சில வாரங்கள் மட்டும், அந்தக் கதவு திறந்திருக்கும். மாணவர் பட்டியல் பதிவு எண்ணுக்காகப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு மாற்றுவது மிகவும் கடினம். அதனால் "செமஸ்டர் தேர்வு எழுதிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம்" என்று இருந்தால் காலம் கடந்துவிடும்.

போக வேண்டிய வழி இது. நீங்கள் போக விரும்பும் துறையின் ஹெச்ஓடியை (துறைத் தலைவரை) முதலில் பாருங்கள். காலியிடம் இருக்கிறதா, இருந்தால் அது எந்த இனச்சுழற்சிப் (இடஒதுக்கீட்டு) பிரிவில் இருக்கிறது என்று கேளுங்கள். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் இது முக்கியம். இடம் காலியாக இருந்தும் உங்கள் பிரிவில் இல்லாமல் போகலாம். அடுத்து, பிளஸ் டூவில் நீங்கள் படித்த குரூப் அந்தப் படிப்புக்குத் தகுதியுள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். தாவரவியல்-விலங்கியல் குரூப்பில் கணிதம் இல்லாமல் வந்தவர் கணித மேஜருக்கோ இயற்பியல் மேஜருக்கோ போக முடியாது. இரண்டும் சரியென்றால் முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, இப்போதைய ஹெச்ஓடியிடம் "ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்து வாங்கி, புதிய ஹெச்ஓடியின் ஒப்புதலோடு அலுவலகத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு அடையாளமாக நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். "பார்த்துக்கலாம்பா" என்ற வாய்வார்த்தையை நம்பி மூன்று வாரம் காத்திருப்பது ஒன்று. மாறிவிடுவோம் என்ற எண்ணத்தில் இப்போதைய வகுப்புக்குப் போகாமல் விடுவது இன்னொன்று. மாற்றம் கிடைக்காவிட்டால் அந்த நாட்களெல்லாம் வருகைப்பதிவில் ஓட்டையாக நிற்கும். 75 சதவீதம் என்ற கணக்கு எளிதில் தளராது. உத்தரவு கையில் வரும் வரை பழைய வகுப்பில் உட்காருங்கள். உதவிபெறும் பிரிவிலிருந்து சுயநிதிப் பிரிவுக்கு மாறுகிறீர்கள் என்றால், மூன்றாண்டுக்குமான கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டில் பேசிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

பிளஸ் டூ மார்க் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

வேதியியலில் 96, இயற்பியலில் 78 என்றால் வேதியியல்தான் உங்களுக்கு வரும் என்று அர்த்தம் இல்லை. பிளஸ் டூ தேர்வு பெரும்பாலும் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளையும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் ஒட்டிப் போகும். நன்றாக நினைவில் வைத்து, நேரத்துக்குள் எழுதி முடிப்பவருக்கு எல்லாப் பாடத்திலும் மார்க் வரும். கல்லூரிப் பாடம் ஐந்தாவது செமஸ்டரில் வேறு முகத்தைக் காட்டும்.

ஆகவே மூன்றாண்டு சிலபஸை முழுசாக இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் தளத்திலோ, தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரித் தளத்திலோ இருக்கும். முதலாம் செமஸ்டரை விட்டுவிட்டு நேராக ஐந்தாவது, ஆறாவது செமஸ்டருக்குப் போங்கள். மேஜரின் உண்மையான எடை அங்கேதான் இருக்கிறது. இயற்பியலில் குவாண்டம் இயக்கவியல், அணுக்கரு இயற்பியல், திண்மநிலை இயற்பியல். கணிதத்தில் மெய்ப்பகுப்பாய்வு, சிக்கலெண் பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம். வேதியியலில் கரிம வினைகளின் வழிமுறைகளும் நிறமாலையியலும். ஒவ்வொன்றிலும் ஒரு யூனிட்டை எடுத்து, சிலபஸ் சொல்லும் பாடநூலை நூலகத்தில் தேடி, அந்த அத்தியாயத்தின் முதல் எட்டுப் பக்கத்தைப் படியுங்கள். புரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "இது புரிந்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றுகிறதா, "ஐயோ, இன்னும் எத்தனை பக்கம்" என்று தோன்றுகிறதா என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி நூலகத்தில் புத்தகம் கிடைக்கவில்லை என்றால், சென்னைப் பக்கத்துக்காரர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமையை அங்கே செலவழிக்கலாம்.

இனி ஒவ்வொரு துறையிலும் செய்து பார்க்க ஒரு வேலை.

வேதியியல்: முதல் சொட்டு ஏன் தயங்குகிறது?

வேதியியல் மேஜராக இருந்தாலும் அலைடாக (மேஜரோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடமாக) இருந்தாலும் பருமனறி பகுப்பாய்வு (டைட்ரேஷன்) உங்களைத் தேடி வரும். பர்மாங்கனேட்டையும் ஆக்சாலிக் அமிலத்தையும் எடுத்துக்கொள்வோம். பிப்பெட்டில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலக் கரைசலைக் கூம்புக் குடுவையில் விட்டு, அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, ப்யூரெட்டிலிருந்து பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் மறையாமல் நின்றால் அதுதான் முடிவுநிலை. அடுத்தடுத்த இரண்டு அளவுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும் வரை திரும்பச் செய்ய வேண்டும்.

தவறு வருகிற இடங்கள் எல்லாருக்கும் பொதுவானவை. ப்யூரெட்டின் குழாய்க்குக் கீழே ஒரு காற்றுக்குமிழி தங்கியிருந்தால் முதல் அளவு கூடுதலாகக் காட்டும். மேலே வைத்த புனலை எடுக்க மறந்தால், அதிலிருந்து ஒரு சொட்டு நடுவில் விழும். கூம்புக் குடுவையை ஆக்சாலிக் அமிலத்தாலேயே கழுவினால் 20 மி.லி. என்ற கணக்கே பொய்யாகிவிடும். அதைத் தண்ணீரால் மட்டும்தான் கழுவ வேண்டும். பர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் கீழ்வளைவு தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும். அமிலம் குறைந்தாலோ அவசரமாக ஊற்றினாலோ குடுவை பழுப்பாகக் கலங்கிவிடும். அது மாங்கனீசு டை ஆக்சைடு. கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இப்போது கவனியுங்கள். முதல் சொட்டு விழுந்ததும் நிறம் உடனே போகாது. சில வினாடி அப்படியே நிற்கும். அடுத்த சில சொட்டுகளுக்குப் பிறகு விழ விழ மறையும். வினையில் உண்டாகிற மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாக வேலை செய்வதுதான் காரணம். இதைப் பார்த்ததும் "அப்படியென்றால் தொடக்கத்திலேயே கொஞ்சம் மாங்கனீசு உப்பைப் போட்டால் என்ன ஆகும்? கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது?" என்று உங்கள் மனம் தானாகக் கேட்டால், வேதியியல் உங்களுக்கு நல்ல இடம். (பர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கிவிடும், கணக்கு தப்பும்.) அளவு வந்ததா, ரெக்கார்டு நோட்டில் எழுதினோமா என்பதோடு மனம் நின்றுவிட்டால், இன்னும் இரண்டு மூன்று சோதனை செய்துபார்த்த பிறகு முடிவெடுங்கள். ஒரே நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கணிதம்: விடை இல்லாத பக்கம்

கணித மேஜரில் ஏமாற்றம் அடைபவர்கள் பெரும்பாலும் பிளஸ் டூவில் சதம் அடித்தவர்கள்தான். அங்கே கணக்கு என்றால் விடை. இங்கே கணக்கு என்றால் நிரூபணம்.

ஒரு தாளும் நாற்பது நிமிடமும் எடுத்துக்கொள்ளுங்கள். 1/2, 2/3, 3/4, 4/5 என்று போகும் தொடர்முறை 1-ஐ நெருங்குகிறது என்பது பார்த்தாலே தெரிகிறது. அதை நிரூபியுங்கள். வரையறை இதுதான்: எப்சிலான் என்று எவ்வளவு சிறிய நேர்மறை எண்ணை யார் கொடுத்தாலும், குறிப்பிட்ட ஓர் உறுப்புக்கு அப்பால் வரும் எல்லா உறுப்புகளும் 1-இலிருந்து எப்சிலானுக்கும் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். n-ஆவது உறுப்பு n/(n+1). 1-இலிருந்து அதன் தூரம் 1/(n+1). ஆகவே 1/எப்சிலானை விடப் பெரிய முழு எண் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்கு அப்பால் எல்லாம் சரியாக இருக்கும். நிரூபணம் முடிந்தது.

பலர் தடுக்கி விழும் இடம் இது: எப்சிலானுக்கு 0.01 என்று போட்டு, நூறாவது உறுப்புக்குப் பிறகு சரியாக வருகிறது என்று காட்டிவிட்டு, முடித்துவிட்டதாக நினைப்பார்கள். அது ஓர் உதாரணம் மட்டும்தான். "எவ்வளவு சிறியதானாலும்" என்ற சொல்லுக்கு அது பதில் ஆகாது. இந்த வித்தியாசம் புரிந்த கணத்தில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் வந்தால் கணிதத்தில் தாராளமாக இருங்கள். "இதுதான் பார்த்தாலே தெரிகிறதே, எதற்கு இவ்வளவு?" என்று எரிச்சல் வந்தால் உங்களுக்குக் கணக்கு வராது என்று பொருள் இல்லை. கணக்கைக் கருவியாகப் பயன்படுத்துகிற இயற்பியலோ புள்ளியியலோ உங்களுக்கு இன்னும் பொருந்தலாம்.

புள்ளியியலை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதை யாரும் மாணவர்களிடம் எடுத்துச் சொல்வதில்லை. தனி மேஜராகச் சில கல்லூரிகளில்தான் இருக்கிறது; கணிதத்துக்கு அலைடாகப் பல இடங்களில் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுத, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது அதில் முதுகலை வேண்டும். முதலாண்டில் "எந்த அலைட் வேண்டும்" என்று வகுப்பில் கைதூக்கச் சொல்லும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இயற்பியல்: 60 பாகை எங்கே போயிற்று?

கருந்துளை வீடியோக்களைப் பார்த்து இயற்பியலுக்கு வருகிறவர்கள் நிறைய. வரட்டும், நல்லதுதான். ஆனால் முதலாண்டு ஆய்வகத்தில் அவர்கள் சந்திக்கப்போவது ஸ்பெக்ட்ரோமீட்டரை.

பட்டகத்தின் (ப்ரிஸத்தின்) கோணம் காண்பது எளிய சோதனை. முதலில் தொலைநோக்கியை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் உள்ள மரத்துக்கோ கோபுரத்துக்கோ குவியப்படுத்தி, பிறகு இணையாக்கியின் பிளவைக் கூர்மையாக்கி, ரசமட்டத்தால் பட்டக மேடையைச் சமன்செய்ய வேண்டும். இந்த மூன்றையும் பொறுமையாகச் செய்யாதவருக்கு அதன் பிறகு எதுவும் சரியாக வராது. பிரதான அளவுகோலின் ஒரு பிரிவு அரைப் பாகை. அதன் 29 பிரிவை வெர்னியரில் 30 ஆக்கியிருப்பார்கள். ஆகவே மீச்சிற்றளவு ஒரு நிமிடம்.

பட்டகத்தின் இரு பக்கங்களிலும் பட்டுத் திரும்பும் பிளவின் பிம்பங்களைத் தொலைநோக்கியில் பார்த்து அளவெடுப்போம்; இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தில் பாதிதான் பட்டகத்தின் கோணம். ஒரு பக்கப் பிம்பத்துக்கு 310 பாகை 10 நிமிடம், மறுபக்கத்துக்கு 70 பாகை 14 நிமிடம் என்று அளவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரர் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 239 பாகை 56 நிமிடம் என்று எழுதி, பாதியாக்கி, பட்டகத்தின் கோணம் 119 பாகை 58 நிமிடம் என்று கட்டம் கட்டி முடித்துவிடுவார். எதிரே மேடையில் இருக்கும் பட்டகமோ பார்த்தாலே தெரிகிற சமபக்க முக்கோணம்! தொலைநோக்கி நடுவில் 360-ஐத் தாண்டி வந்திருக்கிறது. 70-ஓடு 360-ஐக் கூட்டினால் 430 பாகை 14 நிமிடம். அதிலிருந்து 310 பாகை 10 நிமிடத்தைக் கழித்தால் 120 பாகை 4 நிமிடம். பாதி, 60 பாகை 2 நிமிடம்.

விடை வந்ததும் நிமிர்ந்து அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்து "இது நியாயமா?" என்று கேட்கும் பழக்கம்தான் இயற்பியல். அந்தப் பழக்கம் உங்களிடம் இருந்தால் தேற்றங்கள் பின்னால் வந்துவிடும். கூடவே இன்னொன்றையும் செய்து பாருங்கள்: திண்மக் கோளத்தின் விட்டத்தைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறனை, புத்தகம் பார்க்காமல், வட்டத் தகடுகளாக வெட்டித் தொகையிட்டுக் கொண்டுவாருங்கள். ஐந்தில் இரண்டு பங்கு எம்.ஆர். ஸ்கொயர் வர வேண்டும். இரண்டு மூன்று முறை தப்பாக வந்தாலும் விடாமல் உட்கார முடிகிறதா என்பதுதான் கேள்வி. இயற்பியல் மேஜரில் பாதி நேரம் இப்படித்தான் போகும்.

தாவரவியலும் விலங்கியலும்: கண் பழக வேண்டும்

உயிரியல் பக்கம் வந்தவர்களில் பலர் மருத்துவம் கிடைக்காத வருத்தத்தோடு வந்திருப்பார்கள். அந்த வருத்தம் இருக்கும்போது துறையைக் குறை சொல்லத்தான் தோன்றும். அது இயல்பு. ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு, கையில் பிளேடை எடுங்கள்.

வெட்டுக்காயப் பூண்டின் இளந்தண்டை இரண்டு அங்குலம் நறுக்கி, பிளந்த கேரட் துண்டுக்கு நடுவே வைத்துப் பிடித்து, பிளேடையும் தண்டையும் தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில் இழுத்துக் குறுக்காக வெட்டுங்கள். ரம்பம் போல முன்னும் பின்னும் ஓட்டக் கூடாது. இருபது வெட்டாவது வேண்டும். எல்லாவற்றையும் கடிகாரக் கண்ணாடியில் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு மெல்லியதைப் பிரஷால் எடுத்து, சாஃப்ரனின் சாயத்தில் ஒரு நிமிடம் வைத்து, கழுவி, ஸ்லைடில் கிளிசரின் சொட்டில் வைத்து, கவர் ஸ்லிப்பை ஊசியால் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். சட்டென்று போட்டால் காற்றுக்குமிழி மாட்டும். கறுப்பு வளையமாகத் தெரியும் அந்தக் குமிழியைச் செல் என்று வரைந்துவிடுபவர்கள் உண்டு.

வாஸ்குலார் கற்றைகள் (நீரையும் உணவையும் கடத்தும் திசுக்கள்) வட்டமாக அடுக்கியிருக்கும். அதே வேலையை மக்காச்சோளத் தண்டில் செய்தால் அவை சிதறிக் கிடக்கும். புத்தகத்தில் ஒரு வரியில் படித்த இருவிதையிலை, ஒருவிதையிலை வித்தியாசம் உங்கள் கையால் வெட்டியதில் தெரியும்போது உடம்பு சிலிர்த்தால், தாவரவியல் உங்களைக் கைவிடாது. பதினெட்டு வெட்டு வீணானதில் பொறுமை போய்விட்டதென்றால் அதையும் நேர்மையாக எழுதிவையுங்கள்.

விலங்கியலில் பழைய மாதிரி தவளை, கரப்பான் அறுவை இப்போது இல்லை. யு.ஜி.சி. வழிகாட்டுதலுக்குப் பிறகு அவை நின்றுவிட்டன. மாதிரிகளும் படங்களும் கணினியும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. ஆகவே துறையைச் சோதிக்க ஆய்வகத்தை விட மீன் சந்தை நல்ல இடம். காலையில் போய் வஞ்சிரம், காணாங்கெளுத்தி, மத்தி மூன்றிலும் ஒவ்வொன்று வாங்குங்கள். வாலுக்கு முன்னால் மேலும் கீழும் பாருங்கள். வஞ்சிரத்துக்கும் காணாங்கெளுத்திக்கும் சின்னச் சின்னத் துடுப்புகள் வரிசையாக இருக்கும், மத்திக்கு இராது. அளவில் காணாங்கெளுத்தி மத்திக்குப் பக்கத்தில் நிற்கிறது, உறவில் வஞ்சிரத்தின் குடும்பம். இப்படிப் பார்த்துப் பார்த்துப் பெயரிட்டு, வரிசைப்படுத்தி, வரைந்து பழகுவதில் உங்களுக்கு நேரம் போவது தெரியாமல் இருக்கிறதா? அறிவியல் பெயர்களை மனப்பாடம் செய்வது சுமையா, ஆசையா? விலங்கியல் மேஜரின் கேள்வி அதுதான்.

மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி மூன்றுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. அகார் ஊடகத்தைக் கலக்கி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, 45-50 டிகிரிக்கு ஆறியதும் தட்டில் ஊற்றி, விதைத்து, ஒரு நாள் காத்திருந்து, மறுநாள் பூஞ்சை படிந்திருப்பதைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் அங்கே அன்றாடம். அதிகச் சூட்டில் ஊற்றினால் மூடியில் நீர் கோத்துக் கெடும். ஆறவிட்டால் கட்டிகட்டியாக உறையும். கண்ணாடிப் பாத்திரம் கழுவுவதும் காத்திருப்பதும் பாதி வேலை. இந்த மூன்றிலும் வெறும் பி.எஸ்சி.யோடு நிற்க முடியாது, முதுகலை வரை போகத் தயாராக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நிலவியல் சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி போன்ற சில இடங்களில்தான் இருக்கிறது. வெயிலில் நடக்கப் பிடித்தவர்கள் ஒரு முறை அரியலூர்ப் பக்கம் போய் காரையின் வறண்ட ஓடைகளையும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பிடித்துவிட்டால் விடமாட்டீர்கள்.

கணிதத்தை விட்டால் மூடுகிற கதவுகள்

எல்லாம் பார்த்தும் முடிவு வரவில்லையா? அப்படியானால் ஒரு பாதுகாப்பான விதி உண்டு: பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால், முதலாண்டில் அதைக் கைவிடாதீர்கள். கணிதத்திலிருந்து உயிரியல் பக்கம் பின்னால் போக முடியும். உயிரியலிலிருந்து கணிதப் பக்கம் திரும்பி வருவது அதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

இது நடைமுறையில் அலைட் தேர்வில் வந்து நிற்கும். வேதியியல் மேஜருக்கு அலைட் கணிதமா, அலைட் தாவரவியல் அல்லது விலங்கியலா என்று சில கல்லூரிகளில் கேட்பார்கள். அலைட் கணிதத்தில் அரியர் விழும் என்ற பயத்தில் பலர் தாவரவியல் பக்கம் சாய்வார்கள். பயம் நியாயமானதுதான், அலைட் கணிதத்தில் அரியர் வைப்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் செமஸ்டர் கடைசியில் மட்டும் படித்தவர்கள். வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், பழைய வினாத்தாளின் கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் தேர்ச்சிக்குப் பயமில்லை. பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75 என்ற பிரிப்புதான் வழக்கம். இன்டர்னலில் 20-க்கு மேல் வைத்துக்கொண்டால் மனம் லேசாகிவிடும்.

அலைட் பாடத்தை மேஜரின் வால் என்று நினைக்காதீர்கள். இன்னொரு துறையின் ஆசிரியரையும் ஆய்வகத்தையும் ஓராண்டு முழுக்க, கூடுதல் கட்டணம் இல்லாமல் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அது ஒன்றுதான். அந்தத் துறை ஆசிரியரிடம் போய் "சார், உங்கள் மேஜர் மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் செய்கிற பிராஜெக்டைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஆர்வத்தோடு வருகிற மாணவரை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும்.

கதவு மூடிய பிறகு

மாறும் காலம் முடிந்துவிட்டது, மேஜர் பிடித்தபாடில்லை. இப்போது என்ன?

ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் இணையவழிப் பாடம் நடத்தும் என்பிடெல் தளத்தில் ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பாடங்கள் தொடங்கும். 4, 8, 12 வாரம் என மூன்று நீளம். சேர்வது இலவசம், சான்றிதழ் தேர்வு எழுத மட்டும்தான் கட்டணம். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்ற கணக்கில் மதிப்பெண். நீங்கள் ஆசைப்படும் துறையின் அடிப்படைப் பாடம் ஒன்றை, முதலில் 8 வார நீளத்தில், எடுங்கள். மூன்றாவது வாரம்தான் சோதனை. முதல் இரண்டு வார அசைன்மென்ட் எல்லாருக்கும் எளிது. மூன்றாவதில் நிறையப் பேர் நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்கவில்லை என்றால் அந்தத் துறை மேல் உங்களுக்கு இருப்பது ஆசை மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே நேரத்தில் மூன்று பாடம் எடுக்காதீர்கள். மூன்றும் பாதியில் நிற்கும்.

கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். (மேத்தமேட்டிக்ஸ் டிரெய்னிங் அண்ட் டேலன்ட் சர்ச்) கோடைப் பயிற்சி இருக்கிறது. நான்கு வாரம், கரும்பலகையில் மாணவரை யோசிக்கவைத்து நடத்துவார்கள். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் நியஸ் முகாம்களும் பட்டப்படிப்பு மாணவர்களுக்கானவை. இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடை ஆய்வு உதவித்தொகையில் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்யலாம்; அது இரண்டாம் ஆண்டு முதல் குறிவைக்க வேண்டியது. எதற்கும் ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். உங்கள் பெயரைத் தெரிந்த ஆசிரியர் ஒருவராவது முதலாண்டு முடிவதற்குள் இருக்க வேண்டும்.

2022 முதல் யு.ஜி.சி. ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்பை அனுமதிக்கிறது; ஒன்றை நேரிலும் இன்னொன்றைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ படிக்கலாம். சென்னை ஐஐடியின் இணையவழி டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பைப் பலர் இப்படிச் சேர்த்துப் படிக்கிறார்கள். சுமை அதிகம். முதல் செமஸ்டரில் தமிழ், ஆங்கிலம் உட்பட எல்லாத் தாளிலும் தேறியவர்கள் மட்டும் யோசியுங்கள்.

பட்டத்தின் பெயரைப் படியுங்கள்

ஒரே பாடம் பல பெயர்களில் விற்கப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தாவரவியல் "பிளான்ட் பயாலஜி அண்ட் பிளான்ட் பயோடெக்னாலஜி" என்றும், விலங்கியல் "அட்வான்ஸ்டு ஜுவாலஜி அண்ட் பயோடெக்னாலஜி" என்றும் இருக்கும். பெயர் அழகாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் ஆசிரியர் பணிக்கும் அரசுத் தேர்வுகளுக்கும் போகும்போது, உங்கள் பட்டம் மூலத்துறைக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பி.எட். சேரவும் எந்தெந்தப் பட்டங்கள் தகுதி என்று பட்டியல் உண்டு. மேஜர் மாறுவதற்கு முன்பே, ஆசிரியராகும் எண்ணம் துளியாவது இருந்தால், அந்தப் பட்டியலில் உங்கள் பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

மத்திய அரசின் இன்ஸ்பயர் ஷீ உதவித்தொகையும் இப்படித்தான். ஆண்டுக்கு 80,000 ரூபாய். அது 18 அடிப்படை அறிவியல் பாடங்களுக்கு மட்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல், புள்ளியியல், நிலவியல், மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி எல்லாம் பட்டியலில் உண்டு. பயோடெக்னாலஜியும் கம்ப்யூட்டர் சயின்ஸும் இல்லை. பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர் இது தெரியாமல் மேஜர் மாறினால் அந்த உதவித்தொகை போய்விடும்.

முதுகலையில் திரும்பலாம்

மூன்றாண்டும் ஒரே மேஜரில் முடித்துவிட்டு, எம்.எஸ்சி.யில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஐஐடி ஜாம் தேர்வில் ஏழு தாள்கள்: இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், பயோடெக்னாலஜி, நிலவியல், பொருளாதாரம். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். எந்தப் பட்டப்படிப்புக்காரரும் எழுதலாம். சேர்க்கைக்குத்தான் ஒவ்வொரு படிப்புக்கும் தனித் தகுதி கேட்பார்கள். எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பட்டப்படிப்பில் இரண்டு ஆண்டு இயற்பியலும் ஓராண்டு கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அந்த ஓராண்டுக் கணிதம் என்பது பலருக்கு முதலாண்டு அலைட் கணிதம்தான். தப்பித்தால் போதும் என்று எழுதிய தாள் அங்கே தகுதிச் சான்றாக வந்து நிற்கும்.

சேர்க்கைச் சரிபார்ப்பில் மார்க் ஷீட்டில் "அலைட்-1" என்று மட்டும் இருந்தால் அது என்ன பாடம் என்று கேட்பார்கள். ஆகவே உங்கள் பேட்ச்சுக்கான சிலபஸை இப்போதே ஒரு பிரதி எடுத்து, துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, பிளஸ் டூ சான்றிதழ் வைத்திருக்கும் அதே கோப்பில் வைத்துவிடுங்கள். மூன்றாண்டு கழித்து சிலபஸ் மாறியிருக்கும், தளத்தில் பழையது இருக்காது.